மினி டிராக்டர் வாங்கியாச்சு, கருவி வாங்கும் முன் ஒரு நிமிடம்

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி 24 எச்.பி. மினி டிராக்டர் ஒன்றைப் புதிதாக இறக்கினான். பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கின ஈரம் காயவில்லை, "அண்ணா, குழி தோண்டுற கருவி ஒண்ணு மானியத்துல வருதுங்க, போட்டுடலாமுங்களா?" என்று வந்து நின்றான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. கருவியும் அதேதான். அன்றைக்கு என்னைத் தடுக்க யாரும் இல்லை.

கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள், ஆயில் பாருங்கள் என்பதெல்லாம் ஷோரூம்காரரே சொல்லி அனுப்புவார். அதை விட்டுவிடுகிறேன். கருவி வாங்குவதில் நாம் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தள்ளிப்போடக்கூடிய வேலைக்குக் கருவி வாங்கியது

உடுமலைப் பக்கம் எனக்கு ஏழு ஏக்கர். மூன்று ஏக்கரில் தென்னை வைப்பதாக இருந்தேன், மீதி நாலு கரிசல், மானாவாரி மக்காச்சோளம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்று, ஆக 210 குழி. ஆள் வைத்து வெட்டினால் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று இரவெல்லாம் கணக்குப் போட்டு, குழி தோண்டும் கருவியை வாங்கினேன். முக்கால் லட்சத்துக்குக் கிட்ட ஆனது. கட்டியை உடைத்து மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர்? "அதுதான் ஊருக்குள்ளே நாலு ஓடுதே, கூப்பிட்டா வர்றாங்க" என்று விட்டுவிட்டேன்.

முதல் அடி குழியிலேயே விழுந்தது. தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி வேண்டும். என் கருவியின் திருகு 12 அங்குல அகலம்தான். வேலிக்கல் நட அருமையான சாமான், தென்னைக்கு ஆகாது. கடைசியில் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்துத்தான் குழி எடுத்தேன். வாங்கும்போது விற்றவரும் கேட்கவில்லை, நானும் அளந்து பார்க்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருவது அடுத்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. கரிசலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: மறுநாள் கால் வைத்தால் செருப்போடு பிடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் பதமாக இருக்கும், ஆறாம் நாள் கட்டி கட்டியாகக் கல்லாகிவிடும். நடுவில் இருக்கிற இரண்டு மூன்று நாள்தான் நம்முடையது. ரோட்டவேட்டர்காரருக்குப் போன் போட்டேன். "உங்களுக்கு முன்னால பதினோரு பேர் இருக்காங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. எனக்குப் பதமாக இருக்கும் அதே நாளில்தானே ஊருக்கே பதமாக இருக்கும்! வாடகைக்கணக்குப் போடும்போது இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ஏழாம் நாள் வந்து ஓட்டினார். கட்டி உடையவில்லை, இரண்டாவது ஓட்டும் ஓட்ட வேண்டியதாயிற்று, வாடகை இரட்டிப்பு. கட்டிக்கு நடுவில் போட்ட விதை பாதி முளைக்கவில்லை. கொட்டகையில் மட்டும் குழி தோண்டும் கருவி பெயிண்ட் கலையாமல் நின்றது.

இப்போது என்னிடம் யாராவது வந்தால் விலையை நான் கேட்பதில்லை. "இந்த வேலை ஒரு வாரம் தள்ளிப்போனா வெள்ளாமைக்கு என்ன ஆகும்?" என்றுதான் கேட்கிறேன். ஒன்றும் ஆகாது என்றால் வாடகை. குழி, நிலம் சமன் செய்வது, மட்டை தூளாக்குவது எல்லாம் இந்த வகை. கோடை உழவும் அப்படித்தான். சட்டிக் கலப்பையை ஆழமாக இழுக்க மினி டிராக்டருக்குத் தெம்பும் போதாது, பெரிய வண்டியே வரட்டும். வெள்ளாமை கெடும் என்றால், வருடத்துக்கு முப்பது மணி நேரம்தான் ஓடினாலும் சொந்தமாக இருக்க வேண்டும். என் கணக்கில் அது கொத்துக் கலப்பையும் (கல்டிவேட்டர்) ரோட்டவேட்டரும்.

இன்னொன்று. நம்மூரில் கருவியை மட்டும் தனியாக வாடகைக்குக் கொடுப்பவர் அபூர்வம். டிராக்டர், டிரைவர், கருவி மூன்றும் சேர்ந்துதான் வரும். இளம் தென்னைக்கு நடுவே மட்டை ஒடியாமல் போகத்தான் நாம் மினி வாங்கினோம். அங்கே 45 எச்.பி. வண்டியை விட்டு ஓட்டுவதா? வரிசைக்குள்ளே செய்யும் வேலைக்கு வாடகை என்பது பேச்சளவில்தான்.

எச்.பி.யை ஒரே எண்ணாகப் பார்ப்பது

பானட்டில் எழுதியிருப்பது எஞ்சின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. எச்.பி., அதாவது கருவியைச் சுற்றும் பின்பக்கத் தண்டுக்கு வந்து சேரும் சக்தி. அது எப்போதும் குறைவு. 24 எச்.பி. வண்டிக்கு மூன்று, மூன்றரை அடி ரோட்டவேட்டர்தான் சரி. "ஐந்து அடி மலிவா வருது" என்று வாங்கினால் மண் இறுகின இடத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும், தூக்கும்போது முன் சக்கரம் லேசாகும். வரப்பு ஏறும்போது அது விளையாட்டு இல்லை.

மானியம் கிடைக்கிறது என்று வாங்குவது

வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக மத்திய அரசுத் திட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் பில்லில் பாதி என்று மனக்கணக்குப் போட வேண்டாம். வேண்டிய கருவியென்றால் தாராளமாக வாங்குங்கள். வேலை இல்லாத கருவி பாதி விலையிலும் நஷ்டம்தான். அதே துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கும் விடுகிறது, உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம். அங்கேயும் பத நாளில் வரிசைதான்.

மானியத்துக்கு அனுமதி வரும் முன் பில் போடுவது

போடாதீர்கள்.

பழைய ரோட்டவேட்டரைப் பெயிண்ட் பார்த்து வாங்குவது

பிளேடு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ரோட்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் போயிருக்கிறது. கியர் பாக்ஸ் அடியில் ஆயில் கசிந்த தடம் இருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

"சும்மா நிக்கிற நேரத்துல வாடகைக்கு விட்டுச் சம்பாதிச்சுக்கலாம்"

என் குழி தோண்டும் கருவி ஒன்பது வருடத்தில் நாலு தடவை வெளியே போனது. இரண்டு பேர் இன்னும் காசு தரவில்லை.