பாண்டி பத்தின ஜிகே கேள்வில வழுக்கி விழுற இடங்க

முத்தியால்பேட்டைல எங்க தெரு புள்ளைங்களுக்கு சாயங்காலம் ஜிகே சொல்லித் தரேன், பெரும்பாலும் யுடிசி எல்டிசின்னு அரசாங்க கிளார்க் வேலை பரீட்சைக்கு படிக்கிறவங்க. உலகத்துல எங்கெங்கயோ இருக்குற நாட்டு தலைநகரம் எல்லாம் டக்கு டக்குன்னு சொல்றாங்க, நம்ம ஊரு கேள்வில வந்து கோட்டை விடுறாங்க. ஒரே விஷயத்துக்கு ரெண்டு தேதி இருக்கும், ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருப்பாங்க, எத கேக்குறாங்கன்னு நிதானிக்கிறதில்ல.

பாண்டிக்கு எப்ப சுதந்திரம்னு கேட்டா 1947 ஆகஸ்ட் 15னு எழுதிடுறாங்க. அன்னைக்கு இங்க பிரெஞ்சு கொடிதான் பறந்துச்சு. நிர்வாகம் நம்ம கைக்கு வந்தது 1954 நவம்பர் 1, அதத்தான் விடுதலை நாள்னு கொண்டாடுறோம். சட்டப்படி முழுசா இந்தியாவோட சேந்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவுல 1956ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஆனா பிரெஞ்சு பாராளுமன்றம் ஒத்துக்க ஆறு வருஷம் ஆயிடுச்சு, அதனாலதான் இந்த இழுபறி. கேள்வில "சட்டப்படி"ங்கிற வார்த்தை இருக்கான்னு மொதல்ல பாருங்க. அதே மாதிரி இந்தியாவோட சேரலாமான்னு கீழூர்ல நடந்த வாக்கெடுப்ப பொதுமக்கள் ஓட்டு போட்டதுன்னு நெனச்சுக்கிறாங்க. 1954 அக்டோபர் 18 அன்னைக்கு ஓட்டு போட்டது மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க 178 பேரு, அதுல 170 பேரு இந்தியாவோட சேரலாம்னாங்க. வங்காளத்துல பிரெஞ்சுக்காரங்க கைல இருந்த சந்திரநாகூர் இந்த கணக்குலயே வராது, அது 1949லயே தனியா ஓட்டு போட்டு அப்புறம் மேற்கு வங்கத்தோட போயிடுச்சு.

அடுத்தது ஆயி மண்டபம். பாரதி பூங்கா நடுவுல வெள்ளையா நிக்குதே, அத நெப்போலியன் காலத்துல கட்டுனாங்கன்னு சொன்ன உடனே வாட்டர்லூ சண்டைல தோத்தாரே அவருதான்னு முடிவு பண்ணிடுறாங்க. அவரு 1821லயே செத்துட்டாரு. இது மூணாம் நெப்போலியன், அவரோட தம்பி மகன், 1852லேந்து 1870 வரைக்கும் பேரரசரா இருந்தவரு. முத்திரையர்பாளையத்துலேந்து ஊருக்குள்ள நல்ல தண்ணி வந்ததோட ஞாபகமா எழும்புன மண்டபம் இது. அங்க தன் வீட்ட இடிச்சு குளம் வெட்டுனதா சொல்ற தாசி ஆயியோட கதை கிருஷ்ணதேவராயர் காலத்தோடது, அதுக்கும் பிரெஞ்சு ஆட்சிக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு, ரெண்டையும் ஒரே காலமா போட்டு குழப்பிக்காதீங்க. ஒரு ராஜா பேர கேக்காம, தண்ணி குடுத்த ஒரு பொண்ணு பேர கேட்டா எனக்கு மனசுக்கு நெறவா இருக்கும், அந்த மண்டபம்தான் நம்ம அரசாங்க முத்திரையிலயே இருக்கு.

பீச் பக்கம் பழைய வீடுங்கள பாத்துட்டு எல்லாம் பிரெஞ்சுக்காரங்க வந்த 1674லேந்து இருக்குன்னு சொல்றதும் தப்பு. 1761ல இங்கிலீஷ்காரன் புடிச்சு ஊரையே தரைமட்டம் ஆக்கிட்டான், இப்ப நிக்கிறது அதுக்கப்புறம் வந்தது.

பாரதியாரு பாண்டில கைதானாருன்னும் நெறைய பேரு எழுதுறாங்க. 1908லேந்து பத்து வருஷம் இங்க இருந்தவர இங்கிலீஷ் போலீசால தொட முடியல, ஏன்னா இது பிரெஞ்சு மண்ணு. 1918 நவம்பர்ல எல்லைய தாண்டி கடலூர் பக்கம் கால் வச்சப்பதான் புடிச்சாங்க, கடலூர் ஜெயில்லதான் வச்சாங்க. கடலூர் புள்ளைங்களே இத விட்டுடுறாங்க, அதான் எனக்கு கஷ்டமா இருக்கு.

பாண்டிய தாண்டி சினிமா கேள்விலயும் இதே வழுக்கல்தான், "முதல்"னு வந்தா எந்த முதல்னு பாக்கணும். 1913ல வந்த ராஜா ஹரிச்சந்திரா பேசாத படம், பேசுன முதல் இந்தியப் படம் 1931 மார்ச்ல வந்த ஆலம் ஆரா. அதே வருஷம் அக்டோபர்ல வந்த காளிதாஸ்தான் தமிழுக்கு முதல் பேசும்படம், அதுலயும் டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேச, ஹீரோ தெலுங்குல பேசுனாரு. அந்த அம்மாவே 1936ல மிஸ் கமலான்னு ஒரு படத்த டைரக்ட் பண்ணுனாங்க, நடிகைன்னு மட்டும் குறிச்சு வச்சிருந்தீங்கன்னா பக்கத்துலயே டைரக்டர்னும் எழுதிக்கோங்க.