சிஎம்எல்லோடு நெடுந்தூரம் ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்பது ஒரு வகை ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சிஎம்எல். 2001-இல் இமாடினிப் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக இது மாறிவிட்டது. நோய் கட்டுக்குள் வந்து மருத்துவரும் சம்மதித்த பின் மாரத்தான், டிரையத்லான் வரை போகிறவர்கள் உண்டு. ஓடுவதால் வரும் ஆபத்தைவிட, உடம்பு காட்டும் அறிகுறியைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் ஆபத்துதான் இவர்களுக்குப் பெரிது. மருந்து தரும் தொல்லையைப் பயிற்சிக் களைப்பு என்று ஒதுக்குகிறார்கள். பயிற்சியால் ரத்தத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டதோ என்று பதறுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் சிஎம்எல்லுக்கு மட்டும். பெயர் ஒத்திருக்கும் சிஎல்எல் (நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா) வேறு நோய், அதன் மருந்துகளும் வேறு. உதாரணமாக, அதற்குத் தரும் இப்ருடினிப் ரத்தக்கசிவையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கலாம். சிஎல்எல் உள்ளவர்கள் இந்தக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேஸுக்காக மாத்திரையை விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். "வயிற்றைப் புரட்டுகிறது, விடிந்தால் ரேஸ், ஒரு நாள் விட்டால் என்ன ஆகிவிடும்?" என்று தொடங்கும். பிறகு நீண்ட பயிற்சி ஓட்டம் உள்ள ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வழக்கமாகிவிடும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இமாடினிப் எடுத்த 87 பேரைக் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களில், நோயின் சுவடு 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு ஆறாண்டு முடிவில் 94.5 சதவீதம். 90 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ எடுத்தவர்களுக்கு அது 28.4 சதவீதம்தான். 30 நாளில் 3 மாத்திரை விட்டாலே அந்த 90 சதவீதக் கோட்டுக்கு வந்துவிடுவோம். மாதத்துக்கு நாலு ஞாயிறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை விடாமல், எடுக்கும் நேரத்தை மாற்றுவதே வழி. இமாடினிப்பை வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஓடினால் வாந்திதான் வரும். காலையில் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரேஸுக்குச் சில வாரங்கள் முன்பே இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். போட்ட பின் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடக் கூடாது. அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும்.

சிஎம்எல்லுக்கான இன்னொரு மருந்தான நிலோடினிப் காப்ஸ்யூல் எடுப்பவர்களுக்குத்தான் கணக்கு கடினம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சுமார் 12 மணி நேர இடைவெளி. ஒவ்வொரு வேளைக்கும் முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. உணவோடு எடுத்தால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறி, இதயத்துடிப்பின் மின்லயத்தைக் குலைக்கலாம். ஓட்டத்தின்போது 40 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் எனர்ஜி ஜெல்லும் உணவுதான். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிகிற ரேஸ் என்று வைத்துக்கொள்வோம். இரவு 11, பகல் 11 என்ற நேரம் பொருந்தி வரும். இரவுச் சாப்பாட்டை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். நள்ளிரவு தாண்டினால் சாப்பிடலாம் என்பதால் இரண்டரை மணிக்கு வாழைப்பழமும் ரொட்டியும் தடையில்லை. ஓடி முடித்ததும் கையில் இருப்பதை உடனே சாப்பிட்டுவிட்டு 9 மணியோடு நிறுத்துங்கள். 11 மணிக்கு மருந்து, 12 மணிக்குச் சாப்பாடு. இந்த நேரங்களுக்கு மாறும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்திருந்தால் லயக் கோளாறு இன்னும் எளிதாக வரும். வியர்வையும் வயிற்றுப்போக்கும் அதிகமான வாரங்களில் இந்த இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

சிஎம்எல்லுக்கான மற்றொரு மருந்தான டாசடினிப்பை உணவோடும் எடுக்கலாம், உணவின்றியும் எடுக்கலாம். அதன் எதிரி நெஞ்செரிச்சல் மாத்திரை. ஜெல்லும் வலி மாத்திரையும் வயிற்றைக் கெடுக்க, கடையில் பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொள்வது ஓட்டக்காரர்களிடம் சாதாரணம். வயிற்றில் அமிலம் குறைந்தால் டாசடினிப் சரியாக உறிஞ்சப்படாது. ஒரே ஒரு வேளை ஆன்டாசிட் வேண்டுமென்றால் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ பின்போ எடுக்கலாம். தினசரி மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

களைப்பு என்று கடந்துபோவது

டாசடினிப் எடுப்பவருக்கு வழக்கமான வேகத்திலேயே மூச்சிரைக்கிறது, வறட்டு இருமல் இருக்கிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. பல வருடம் தொந்தரவு இல்லாமல் இருந்தவருக்கும் இது வரலாம். பயிற்சியைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

நிலோடினிப்பில் கவனிக்க வேண்டியது கெண்டைக்கால். நடக்கும்போதும் ஓடும்போதும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வலி பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி கிளம்பினால் மறுபடி பிடிக்கும். இப்படி வந்தால் அது தசை இழுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. காலுக்குப் போகும் தமனி அடைபடத் தொடங்கியிருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுவலியோ ஒரு பக்கம் மரத்துப்போவதோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இமாடினிப் தரும் தசைப்பிடிப்பு பெரும்பாலும் ராத்திரியில், ஓடாத நாளிலும் வரும். அதற்கு உப்பு மாத்திரையை விழுங்குவதைவிட கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், வைட்டமின் டி அளவுகளைப் பார்ப்பது பயன் தரும். ரத்தசோகையும் இப்படித்தான். வேகம் குறைந்தால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். குறைந்திருந்தாலும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம். மருந்தே எலும்பு மஜ்ஜையை அடக்கியிருந்தால் இரும்பு உதவாது. பழைய வேகத்தைத் துரத்தாமல், பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்ப்பவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் தோள், இடுப்பு, மூட்டுகளில் வலி வரும். அது மருந்து விலகியதால் வருவது, அதிகம் ஓடியதால் வந்த காயம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ரேஸ் முடிந்த மறுநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது

மாரத்தான் ஓடிய எவருக்கும் வெள்ளணுக்கள் சில மணி நேரம் தாறுமாறாக ஏறி, ஓரிரு நாளில் இறங்கும். சிஎம்எல் உள்ளவர் அந்தத் தாளைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். தசை சிதைவதால் அதிலுள்ள கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் பல மடங்கு உயரும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கூடவே ஏறும். மருந்து கல்லீரலைப் பாதித்துவிட்டது என்று நினைத்து, தேவையில்லாமல் மருந்தளவைக் குறைக்க நேரலாம். எனவே ரேஸுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். தள்ளிப்போட முடியாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்று மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். அதே பரிசோதனையில் வரும் ஜிஜிடியும் பிலிருபினும் தசையிலிருந்து வருவதில்லை. அவையும் ஏறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிக்கலாம்.

நோயின் அளவைச் சொல்வது, ரத்தத்தில் நோயின் மரபணுச் சுவட்டை அளக்கும் பிசிஆர் பரிசோதனை. அதை எப்போதும் ஒரே ஆய்வகத்தில், சர்வதேச அளவுகோலில் முடிவு தருகிற இடத்தில் செய்யுங்கள். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குள், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள் என்பதே எதிர்பார்க்கப்படும் இறக்கம். ரேஸ் நாட்காட்டிக்காக மூன்று மாதப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

வலி மாத்திரை, தண்ணீர், பிற மருந்துகள்

ஓடும் நாளில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை அடிக்கும். டாசடினிப் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பதால் ரத்தக்கசிவு அபாயமும் சேரும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு மூன்று நாளில் எடை ஏறி கண்ணிமையும் கணுக்காலும் வீங்கியிருந்தால் அது மருந்தால் தேங்கும் நீராக இருக்கலாம்.

அந்த வீக்கத்துக்குத் தரும் ஃபுரோசமைட் போன்ற நீர்நீக்கிகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எந்நாளும் தடைசெய்யப்பட்டவை. பரிசோதனை நடக்கக்கூடிய போட்டியில் கலந்துகொள்பவர்கள் சிகிச்சைக்கான விலக்கை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இமாடினிப்பின் அளவைக் கடுமையாகக் குறைக்கும். கிளாரித்ரோமைசினும் கீட்டோகோனசோலும் கூட்டும். கிரேப்ஃப்ரூட்டையும் அதன் இனமான பம்பளிமாஸையும் தவிர்ப்பது நல்லது. நாட்டு மருந்து எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சிஎம்எல்லால் மண்ணீரல் வீங்கியிருக்கும்வரை சைக்கிள் ரேஸும் மலைப்பாதை ஓட்டமும் வேண்டாம். விழுந்தால் கிழியும்.

பிறருக்காகப் பேசும்போது

சிஎம்எல் நோயாளிகளின் குரலுக்கு நம் நாட்டில் கனமான வரலாறு உண்டு. இமாடினிப்பின் பீட்டா படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் நிராகரிக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கமும் ஒன்று. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் கூடுதல் பலன் இல்லாமல் காப்புரிமை இல்லை என்கிற, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்படி அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது. பிராண்டு மருந்தின் மாத விலை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த காலத்தில், ஜெனரிக் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. குறிப்பிட்ட கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு பேசியதால் கிடைத்த பலன் அது.

"தன்னம்பிக்கை இருந்தால் போதும், நானே 42 கிலோமீட்டர் ஓடினேன்" என்று மேடையில் சொல்வது நோயாளிகளுக்குத் தீங்கு செய்யும். டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்தவருக்கு இமாடினிப், டாசடினிப், நிலோடினிப் மூன்றுமே வேலை செய்யாது. மன உறுதி குறைந்ததால் வந்த நிலை இல்லை அது. ஓட்டம் பிசிஆரைக் குறைத்தது என்றும் சொல்லாதீர்கள், குறைத்தது மாத்திரை. செப்டம்பர் 22, உலக சிஎம்எல் தினத்தில் மைக் கிடைத்தால் பிசிஆர் பரிசோதனையின் செலவு, அரசு மருத்துவமனையில் மருந்து தடைபடாமல் கிடைப்பது, வெளியூரிலிருந்து வருபவரின் பயணச் செலவு இவற்றைப் பேசுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பிறருடைய அறிக்கையைப் படித்து மருந்தளவு சொல்லாதீர்கள். "மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை" என்று எழுதிக் கொடுங்கள். பெயரும் நோயாளி எண்ணும் தெரியும் படத்தைப் பகிரும் முன் மறைத்துவிடுங்கள். மருந்து நிறுவனம் பயணச் செலவு கொடுத்திருந்தால் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டத்தின் பெயரில் நிதி திரட்டினால் சொந்தக் கணக்கில் வாங்காமல், வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது தரும் பதிவுபெற்ற அமைப்பின் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒருவருக்கு மருந்து மாறியதால் மிச்சமான மாத்திரையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவதும் வேண்டாம். மருந்து தீர்ந்துபோய் ஒருவர் அழைத்தால், அவருடைய மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் அன்றைக்கே பேசவைத்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று விசாரிக்க உதவுங்கள்.