புரோக்கர் இல்லாமல் வீடு விற்பது எப்படி? அப்பாவின் வீட்டை விற்றபோது நான் செய்தவை

திருச்சி கே.கே.நகர்ப் பக்கம் இருந்த அப்பாவின் வீட்டை 2025 தொடக்கத்தில் விற்றோம். மனை 1,800 சதுர அடி, கீழே இரண்டு அறை, மேலே ஒன்று. விலை 72 லட்சம். புரோக்கர் யாரும் இல்லை. தெருமுனையில் இருந்த புரோக்கர் எங்கள் பக்கம் 2% கேட்டிருந்தார். அதாவது 1,44,000 ரூபாய். அது மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக ஏழு மாதம் நானே அலைந்தேன். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

பலர் நினைப்பதுபோலப் பத்திர வேலையைப் புரோக்கர் பார்ப்பதில்லை. ஆளைக் கூட்டி வருவார், விலை பேசி வைப்பார், இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் நின்று சமாதானம் செய்வார். காகிதத்தில் குறை இருந்தால், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத் தீர்க்கவேண்டியது நாம்தான். அதனால் புரோக்கர் வேண்டுமா என்பதை முதலில் யோசிக்காதீர்கள். முதலில் காகிதங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள்.

படி 1: காகிதம்

கிரயப் பத்திரத்தின் அசல், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கட்டிட அனுமதி வரைபடம், மின் இணைப்பு அட்டை. சொத்து இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று வாரிசுகள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் செல்லும். வீட்டுக்குள் அந்தப் பேச்சு முடியாமல் வெளியே பலகை வைக்காதீர்கள். வாங்க வந்தவர் முன்னால் அக்கா தம்பி சண்டை போட்டு நின்றுபோன வியாபாரங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

படி 2: வில்லங்கம் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வில்லங்கம் என்பது சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் வந்துவிடும். வாங்குபவரின் வங்கி பெரும்பாலும் 30 வருட வில்லங்கம் கேட்கும் என்பதால் நீங்களும் 30 வருடத்துக்குப் போடுங்கள்.

எல்லோரையும்போல நானும் போட்டேன். அப்பா வாங்கிய கிரயம் இருந்தது, அவர் பெயர் இருந்தது. சரி என்று மூடி வைத்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்த ஒரு வரியைக் கவனிக்கவில்லை.

2013-இல் மாடி கட்ட அப்பா வங்கியில் கடன் வாங்கியிருந்தார். அப்போது அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு ஓர் ஆவணம் எழுதிப் பதிவு செய்தார்கள். வங்கிக்காரர்கள் இதை ‘எம்ஓடி’ என்பார்கள். 2019-இல் கடன் முழுவதும் அடைந்தது. அசல் பத்திரமும் ‘பாக்கி இல்லை’ என்ற கடிதமும் அப்பா கைக்கு வந்தன. அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. ஆனால் பதிவுத்துறைக்கு அது தெரியாது. வங்கி கொடுக்கும் கடிதம் நம் பீரோவில்தான் இருக்கும், வில்லங்கத்தில் ஏறாது. கடன் தீர்ந்தது என்று வங்கியே ஒரு ரசீது ஆவணம் எழுதி, வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதை யாரும் செய்யவில்லை.

இது எனக்குத் தெரிந்தது எப்போது? முதல் பார்ட்டி விலை பேசி, அவருடைய வங்கி வழக்கறிஞர் காகிதங்களைப் பார்த்த பிறகு. “அடமானம் இன்னும் நிற்கிறதே” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். கடன் கொடுத்த கிளையோ இதற்குள் வேறு கிளையோடு இணைந்துவிட்டது. புதிய கிளையில் பழைய கோப்பைத் தேடி எடுக்கவே மூன்று வாரம். ரசீது பதிவாக மொத்தம் 47 நாள் ஆனது. அந்தப் பார்ட்டி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, வேறு வீடு முடித்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. வில்லங்கத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படியுங்கள். அடமானம், உரிமை ஆவண ஒப்படைப்பு என்று எது இருந்தாலும், அந்த ஆவண எண்ணைக் குறிப்பிட்டு அதற்குப் பின்னால் ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடன் முடித்த கடிதம், எம்ஓடி ஆவண நகல், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். வாயால் சொன்னால் நகராது. மனுவின் நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது பதிவான பிறகும் பழைய வரி வில்லங்கத்திலிருந்து அழியாது. அதன் கீழே ரசீது புதிய வரியாகச் சேரும். அது போதும், பயப்பட வேண்டாம்.

வீட்டுக் கடன் முடித்தவர்கள் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதை இப்போதே செய்துவிடுங்கள். என் அப்பா இருந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பார். அவர் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது.

படி 3: விலை

வழிகாட்டி மதிப்பு டிஎன்ரெஜிநெட்டிலேயே தெரு வாரியாக இருக்கிறது. அது அரசு கட்டணம் வாங்குவதற்கான அளவு, சந்தை விலை அல்ல. பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். நான் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்கினேன். மனைக்குத் தனி விலை, கட்டிடத்துக்கு வயதுத் தேய்மானம் கழித்துத் தனி விலை. பேரம் பேசும்போது அந்தக் காகிதம் என் பக்கம் பேசியது. புரோக்கர் இல்லாமல் விற்பவர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 4: விளம்பரம்

99ஏக்கர்ஸ், ஓஎல்எக்ஸ் என்ற இரண்டு இணையதளங்களிலும் போட்டுப் பார்த்தேன். அழைப்புகள் நிறைய வந்தன, அவற்றில் பாதிக்கு மேல் புரோக்கர்கள். “சார், பார்ட்டி ரெடியா இருக்கு” என்று ஆரம்பிப்பார்கள். இதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிவிடுங்கள்.

என் தேர்வு வாசலில் ஒரு பலகையும் ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரிவிளம்பரமும்தான். வீட்டை வாங்கியவர் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தவர். தினமும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது பலகையைப் பார்த்திருக்கிறார். பலகையில் ‘நேரடி விற்பனை’, மனை அளவு, வாசல் திசை, தொலைபேசி எண் இவ்வளவு போதும். வாசல் திசையை எழுதாவிட்டால் வரும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆடி மாதத்தில் அழைப்பே வராது, மனம் தளராதீர்கள். ஆவணி பிறந்தால் வருவார்கள்.

வருகிற எல்லோருக்கும் பத்திர நகல் கொடுக்காதீர்கள். முதலில் பட்டாவும் வில்லங்கமும் காட்டினால் போதும். விலை படிந்த பிறகு, வழக்கறிஞர் பார்வைக்கு என்று குறுக்கே எழுதிய நகல் தொகுப்பு ஒன்று கொடுங்கள்.

படி 5: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

வழக்கறிஞர் வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். புரோக்கரை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் பதிவு செய்தே போட்டோம். மீதிப் பணம் எந்தத் தேதிக்குள், தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், இந்த மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

பணம் ரொக்கமாக வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதம் விழுவது வாங்கிக்கொண்ட நம்மீது. “பத்திரத்தில் 50 போட்டுக்கலாம், மீதி கையில்” என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்பதற்குக் காரணம் புரிகிறது: முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 72 லட்சத்துக்கு 6,48,000 ரூபாய் அவர்கள் கட்ட வேண்டும். இருந்தாலும் மறுத்துவிட்டேன். அப்பா சம்பாதித்த வீடு, கணக்கில்லாத பணமாக மாறக்கூடாது என்று அம்மா உறுதியாகச் சொன்னார்.

படி 6: பத்திரப் பதிவு

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% வரிப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். எங்களுக்கு 72,000 ரூபாய். பங்கு ஆளுக்கு 24 லட்சம்தானே, பிடிக்க வேண்டாமே என்று வாங்குபவர் கேட்டார். மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் மூன்று பேர் என்பதால் மூன்று பேரின் பான் எண்ணுக்கும் தனித்தனிப் படிவம். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு நாளன்று அசல் பத்திரம், ஆதார், பான், இரண்டு சாட்சிகள். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால் வங்கியின் காசோலை அங்கேயே வரும். நான் வைத்த ஒழுங்கு: மீதித் தொகையின் வங்கி வரைவோலை நகல் முந்தைய நாளே என் கைக்கு வர வேண்டும், வழங்கிய கிளைக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகே புறப்படுவோம். கையெழுத்துக்கு முன் பணம், பிறகு பத்திரம், கடைசியில் சாவி. கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும்.

அப்படியென்றால் புரோக்கரே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். துறையூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த சிறிய வயல் நிலத்தைப் புரோக்கர் மூலம்தான் விற்றோம். அங்கே யார் வாங்கும் ஆள், யாருக்கு எல்லைத் தகராறு என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது, இரண்டே மாதத்தில் முடித்துக் கொடுத்தார், 2% மனநிறைவோடு கொடுத்தேன். நீங்கள் வெளியூரில் இருந்தாலும், வீட்டைத் திறந்து காட்ட ஆள் இல்லாவிட்டாலும், பேரம் பேசுவது உங்களுக்கு ஒவ்வாவிட்டாலும் புரோக்கரை வையுங்கள். கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை எழுதி வாங்குங்கள். பத்திரம் முடிந்த அன்று மட்டுமே தருவேன் என்று சொல்லுங்கள், அட்வான்ஸ் போட்ட அன்று அல்ல.

பின்சேர்க்கை 1: தம்பி துபாயில் இருக்கிறார், எங்களுக்கும் இந்த 1% தானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. வருமான வரிக் கணக்குப்படி விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு 1% பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: லாபத்துக்கு வரி எவ்வளவு என்று பலர் கேட்டதால் சுருக்கமாக. அப்பா வாங்கிய விலையும் தேதியும்தான் வாரிசுகளுக்கும் கணக்கு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, அல்லது அதைச் சேர்த்து 20%, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு வரி. வீடு விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் தேதிக்குள் வீடு அமையாவிட்டால் அந்தப் பணத்தை வங்கியில் ‘மூலதன ஆதாயக் கணக்கு’ திறந்து போட வேண்டும். சாதாரண வைப்புத்தொகையில் போட்டால் விலக்கு கிடைக்காது.

பின்சேர்க்கை 3: திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியது எனக்கும் புதிது. ஒப்பந்தம் பதிவு செய்திருக்கிறார், வாங்குபவர் பின்வாங்கிவிட்டார், அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து வேறு ஆள் வந்தபோது வில்லங்கத்தில் பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. எங்கள் எம்ஓடி கதையேதான். அட்வான்ஸைத் திருப்பும்போது, அதே நாளில், இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்து ஆவணத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பணத்தைக் கொடுத்த பிறகு அவரைத் தேடிப் பிடித்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவருவது கஷ்டம். அந்த வாசகி நான்கு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறார்.