தாய்லாந்துத் துணையோடு திருமண நாள்: விடியற்காலையிலிருந்து ஊடல் தீர்வது வரை

எந்தத் தேதியைக் கொண்டாடுவது என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். தாய்லாந்தில் சடங்கு ஒரு நாள், மாவட்ட அலுவலகப் பதிவு வேறொரு நாள் என்பது சாதாரணம். வெளிநாட்டவரை மணக்கும்போது தூதரகச் சான்று, மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சக முத்திரை என்று இந்த இடைவெளி மாதக்கணக்கில்கூட நீளும். மாமனார் மாமியார் மனதில் பெரும்பாலும் சடங்கு நாளே நிற்கும், பதிவு நாளை உங்கள் இருவருக்குமாக வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் இருப்பது புத்த ஆண்டு. அதில் 543 கழித்தால் நம் கணக்கு வரும்: 2562 என்றால் 2019.

கேக்கும் மெழுகுவத்தியும் இருக்கட்டும். இந்த நாளுக்கு உயிர் கொடுப்பது விடியற்காலை பிக்குகளுக்கு இடும் உணவுதான். அதை 'தக் பாட்' என்பார்கள். 'தம் புன் ருவம் சாட், தக் பாட் ருவம் கன்' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. சேர்ந்து புண்ணியம் செய்து, ஒரே கிண்ணத்திலிருந்து பிக்குவுக்கு அன்னமிட்ட இருவர் மறுபிறவியிலும் சேர்வார்கள் என்பது அதன் பொருள். ஆகவே "நாளைக் காலையில் சேர்ந்து தக் பாட் போடலாமா?" என்று நீங்களாகக் கேட்பது, எந்தப் பூங்கொத்தையும்விட ஆழமான அன்பு.

செய்முறை எளிது. பிக்குகள் ஏறக்குறைய காலை 6 மணிக்கு வீதிக்கு வருவார்கள், சரியான நேரத்தையும் தெருவையும் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் சூடான சோறு, ரப்பர் பேண்டு போட்ட பைகளில் குழம்பு, ஒரு இனிப்பு, தண்ணீர் பாட்டில், தாமரை மொட்டு வேண்டும். குழம்பை அன்று காலையிலேயே வாங்குங்கள், முந்தின இரவு வாங்கியது அந்த வெக்கையில் ஊசிப்போகும். பிக்குகள் வெறுங்காலில் வருவதால் நீங்களும் செருப்பைக் கழற்ற வேண்டும். கிண்ணத்தை இருவரும் பிடித்து நெற்றிவரை உயர்த்தி வேண்டிக்கொண்டு, கரண்டியின் காம்பில் இருவர் கையும் படும்படி சோற்றை இடுங்கள். கரண்டியில் மேலே பிடிப்பவர் கையே வீட்டில் ஓங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் பல தம்பதிகள் கையை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். பெண்கள் பிக்குவையும் அவர் துவராடையையும் தொடக்கூடாது. இட்டு முடித்ததும் குந்தியோ மண்டியிட்டோ கைகூப்பி ஆசி கேளுங்கள். பிறகு சிறு குவளையிலிருந்து தண்ணீரை அறுபடாமல் மெல்ல ஊற்றி, இறந்த முன்னோருக்குப் புண்ணியத்தைப் பகிர்ந்துவிட்டு, அந்த நீரை ஒரு மரத்தடியில் சேர்ப்பார்கள். அங்கே கட்டியணைப்பதோ பிக்குவின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவதோ வேண்டாம்.

காலையில் எழ முடியாவிட்டால் விகாரைக்குப் போய் 'சங்கதான்' (பிக்கு சங்கத்துக்குத் தரும் தானம்) கொடுக்கலாம். நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் உண்பதில்லை, எனவே உணவென்றால் 11 மணிக்கு முன்பே கொண்டுபோங்கள். இந்தத் தானத்துக்கென்று கடையில் ஆரஞ்சுத்தாள் சுற்றி விற்கும் ஆயத்த வாளிகளில் மேலே நல்ல பொருளும் அடியில் காலாவதியானதும் இருப்பதுண்டு. சோப்பு, பற்பசை, சவர பிளேடு, துண்டு, காய்ச்சல் மருந்து என்று நீங்களே பார்த்து நிரப்பினால், துணையின் அம்மா அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

அடுத்து பெரியவர்கள். மல்லிகையில் கட்டிய 'புவங் மாலை' கொண்டுபோங்கள் (நம் மாலைதான், சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது). நாம் தவறுவது இங்கேதான், கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். ஒரு குஞ்சம் தொங்கும் வளையம் கையில் கொடுப்பதற்கு. இரு முனையிலும் குஞ்சம் உள்ள நீள மாலைதான் கழுத்துக்கு, மணமக்கள் அணிவதும் அதுவே. மாமியாரின் இரு கைகளில் வைத்து, அவரைவிடத் தலை தாழ்த்தி வணங்குங்கள். ஈழத்தலரிப் பூவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் பழைய பெயரான 'லன் தொம்', துயரம் என்ற சொல்லை ஒத்து ஒலிக்கும். இப்போது 'லீலாவதி' என்று பெயர் மாறியும், வயதானவர்கள் பலர் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. பிரிவையும் கண்ணீரையும் குறிக்கும் கைக்குட்டை, வெட்டும் பொருள்கள், சீன வம்சாவளிக் குடும்பமென்றால் கடிகாரம் ஆகியவையும் பரிசுக்கு ஆகாது.

பரிசு தங்கமானால் அவர்கள் அளவில் வாங்குங்கள். 1 பாட் எடை நகை 15.16 கிராம், அதில் கால் பங்கான 'சலுங்' 3.79 கிராம். திருமண நாளுக்கு ஒரு சலுங் மோதிரமே கௌரவமான பரிசு. அங்கே தங்கத்தின் தரம் 96.5 சதவீதம். நம் ஊர் 916 நகையை அங்குள்ள கடையில் விற்கப்போனால் அந்த விலைக்கு எடுக்க மாட்டார்கள். பரிசை உங்கள் முன்னால் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், அதுதான் அங்கே மரியாதை.

தொடுதலுக்கு வருவோம். தெருவில் கைகோத்து நடக்கலாம், பெரியவர்கள் முன் முத்தம் கூடாது. தலை உயர்ந்த உறுப்பு என்பதால் பிறர் பார்க்கத் துணையின் தலையைத் தட்டுவதும் கலைப்பதும் சரியல்ல. வீட்டுக்குள் அவர்களுடைய முத்தம் 'ஹோம் கேம்': மூக்கைக் கன்னத்தில் வைத்து மூச்சை உள்ளிழுப்பது. குழந்தையை உச்சி முகரும் நமக்கு இது புரியாததல்ல, அவர்கள் கணவன் மனைவிக்குள்ளும் முகர்வார்கள்.

சொல்லில் கவனம் வேண்டும். 'சூஅய்' என்பதைக் கேள்வி கேட்பதுபோல் குரலைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் 'அழகு'. சமமாகச் சொன்னால் 'துரதிர்ஷ்டம்'. விருந்தில் மனைவியைப் புகழ எழுவதற்கு முன் அவரிடமே பத்து முறை சொல்லிப் பாருங்கள். துணையைச் செல்லப்பெயரால் கூப்பிடுங்கள். வயதில் மூத்த கணவனை மனைவி 'பீ' (அண்ணன்) என்றழைப்பது அங்கே கொஞ்சல்தான், முகம் சுளிக்க வேண்டாம். 'கின் காவ் ரு யங்' என்றால் 'சாப்பிட்டாச்சா?' நமக்குப் போலவே அவர்களுக்கும் அது பாதி காதல்.

இரவு விருந்துக்கு இருவரா, குடும்பம் முழுவதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். குடும்பத்தோடு என்றால், பொதுக்கரண்டியால் மீனின் நல்ல துண்டை முதலில் மாமியார் தட்டிலும் அடுத்து துணையின் தட்டிலும் வையுங்கள். அழைத்தவரே பணம் கொடுப்பது வழக்கம்.

இத்தனைக்குப் பிறகும் முகம் வாடலாம். அதற்கு 'ஙோன்' என்று பெயர். அதைத் தணிப்பது 'ஙோ'. நாம் ஊடல் என்று சொல்வதற்கு இவ்வளவு நெருக்கமான சொல் வேறு மொழிகளில் கிடைப்பது அரிது. தட்டையான குரலில் வரும் 'மை பென் ரை' ('பரவாயில்லை') பரவாயில்லை என்பதாகாது. காரணம் கேட்டுக் குடையாதீர்கள், நியாயம் விளக்காதீர்கள், வீட்டார் முன் குரல் உயர்த்தவே கூடாது. அவருக்குப் பிடித்த பலகாரத்தை வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து 'யா ஙோன் ந' (ஊடாதே) என்று மெல்லச் சொல்லுங்கள். முதல் முறை முகத்தைத் திருப்பினால் இன்னொரு முறை சொல்லுங்கள், ஊடல் எதிர்பார்ப்பது அந்த இரண்டாம் முறையைத்தான். உண்மைக் கோபமான 'க்ரோட்' வேறு. அப்போது கொஞ்சம் தனியே விட்டுவிட வேண்டும்.

தேதியையே மறந்துபோனீர்களா? சாக்குச் சொல்லாமல் அன்றிரவே சிக்னலில் ஒரு மல்லிகை வளையம் வாங்கிக் கொடுத்து, காலை 5 மணிக்கு அலாரம் வைத்து, சோற்றுக்கு அரிசியை அளந்து வைத்துவிட்டுப் படுங்கள்.