தொங்கு செர்ரி: முதலில் ஒட்டையும் தூரையும் பாருங்கள்

தொங்கு செர்ரி வாடினாலோ பூக்காமல் போனாலோ மருந்து தெளிப்பானை எடுக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கிளைகள் கவியத் தொடங்கும் உச்சியிலுள்ள ஒட்டு. மற்றது, தண்டு மண்ணில் இறங்கும் தூர்.

நாற்றங்காலில் வாங்கும் தொங்கு செர்ரி பெரும்பாலும் இரண்டு மரங்கள் சேர்ந்தது. நேராக வளரும் செர்ரித் தண்டின்மேல், நாலு முதல் ஆறடி உயரத்தில், தொங்கும் ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த இடம் முண்டாகத் தெரியும். முண்டுக்குக் கீழே, தண்டிலோ வேரிலோ கிளம்பும் போத்துகள் எல்லாம் அடிமரத்துடையவை. அவை விறைப்பாக நிமிர்ந்து, படுவேகமாக வளரும். சில ஆண்டுகள் விட்டுவிட்டால் மேலேயுள்ள தொங்கும் ரகத்தைப் பட்டினி போட்டே கொன்றுவிடும். "மரம் திடீரென்று நிமிர்ந்துவிட்டது, பூவும் மாறிவிட்டது" என்பதற்கு இதுதான் காரணம். தளிராக இருக்கும்போதே விரலால் அடியோடு பிய்த்துவிடுங்கள். முற்றிவிட்டால் தண்டை ஒட்டிக் கத்தரியால் வெட்டுங்கள். முண்டுக்கு மேலே நிமிர்ந்து வரும் கிளையில் மட்டும் அவசரம் வேண்டாம். பல ரகங்களில் அது நீண்டதும் தன் பாரத்தில் தானே வளைந்துவிடும்.

தூரில் வேர்கள் விரியத் தொடங்கும் அகன்ற பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தண்டு கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால், ஆழமாக நட்டுவிட்டீர்கள் என்று பொருள். மேல்மண்ணை விலக்கி அதை வெளியே கொண்டுவாருங்கள். மண்மேல் பரப்பும் இலைதழை, பட்டைத்தூள் போன்ற மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

செர்ரிக்கு எமன் தேங்கும் தண்ணீர். நடுமுன் ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் மேட்டுப்பாத்தி அமைத்து நடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். தண்ணீர் குறைந்தாலும் இலை வாடும், மிகுந்தாலும் வாடும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், தூரில் பட்டையை நகத்தளவு சுரண்டுங்கள். உள்ளே பச்சை கலந்த வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் அழுகல் ஏறிவிட்டது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் அது சாவை விரைவுபடுத்தும்.

கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டிச் சீராக்க, சரியான நேரம் பூ உதிர்ந்த உடனே, மழையில்லாத நாளில். அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் கோடையிலேயே உருவாகிவிடும். ஆகவே குளிர்காலத்தில் வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். ஈரக்குளிரில் ஆறாத வெட்டுக்காயம் நோய்க்கும் வாசலாகும். பட்டுப்போன குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளே நெருக்கும் கிளை ஆகியவற்றை முதலில் எடுங்கள். தரையைத் தொடுபவற்றை ஒரே மட்டத்தில் நறுக்காமல், ஒவ்வொன்றையும் வெளிநோக்கிய மொட்டு மரத்திலேயே இருக்கும்படி அதைச் சற்றுத் தாண்டி, வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள். நேர்கோட்டில் வெட்டிய தொங்கு செர்ரி சட்டி கவிழ்த்து முடி வெட்டியதுபோல இருக்கும். ஒரே ஆண்டில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். காயத்துக்குப் பெயின்ட் பூச வேண்டாம்.

முதிர்ந்த மரத்தின் பாரமான கிளைக்கு வெட்டைவிட முட்டுக்கொடுப்பதே நல்லது. ஜப்பானின் புகுஷிமாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் மிஹாரு தாகிசகுரா என்ற தொங்கு செர்ரி மரத்தின் கிளைகளையும் கம்புகள்தான் தாங்குகின்றன.

பட்டையில் பிசின் வடிந்தால் அதுவே நோயல்ல, அடையாளம்தான். தூருக்குப் பக்கத்தில், மரத்தூள் போன்ற எச்சம் கலந்து வடிந்தால் தண்டுத்துளைப்பான் உள்ளே இருக்கிறது. ஓட்டையில் மெல்லிய கம்பியை நுழைத்துப் புழுவைக் குத்தி எடுக்கலாம். கிளையில் பட்டை உள்வாங்கி, கருத்து, ஓரத்தில் பிசின் கசிந்தால் பாக்டீரியப் புண். நல்ல மரப்பகுதி வரை பின்வாங்கி வறண்ட நாளில் வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். தூளும் கருமையும் இல்லாத தெளிந்த பிசின் பெரும்பாலும் புல்வெட்டி உரசிய காயமோ வறட்சியோதான்.

இலையில் ஊதாப் புள்ளிகள் விழுந்து, பிறகு மஞ்சளாகி உதிர்ந்தால் பூஞ்சண இலைப்புள்ளி. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுங்கள், நீரை இலையில் படாமல் தூரைச் சுற்றி ஊற்றுங்கள். தளிர் சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி. வேகமான நீர்ப்பீச்சு போதும்.

பூக்கவே இல்லையா? நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படுகிறதா, புல்தரைக்கு இட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் வேருக்குப் போகிறதா என்று பாருங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பூ குறையும். போதிய குளிர்காலம் இல்லாத ஊரில் எந்த உரமும் பூக்க வைக்காது.

கருகிய பட்டை தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் மரத்தை எடுத்துவிடுங்கள். அதே குழியில் இன்னொரு செர்ரியை வைக்காதீர்கள். பழைய வேர்களைச் சுற்றிய மண்ணில் புதுச் செர்ரி தேறுவது அரிது.