நண்பர்களைப் பார்த்தபடி ஓர் இலையுதிர்காலக் கார் பயணம்: முதன்முறையாகத் திட்டமிடுபவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அக்டோபர் மாதம் நெடுந்தூரம் கார் ஓட்ட அருமையான நேரம். வெயில் சுடாது, பனி இன்னும் வராது, மலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும். ஒன்றாகப் படித்த நண்பர்கள் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டிருந்தால், அவர்களையும் பார்த்து, வழியில் இருக்கும் வரலாற்று இடங்களையும் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. உதாரணத்துக்கு பிலடெல்ஃபியாவில் தொடங்கி வட கரோலைனாவின் ஆஷ்வில் வரை போகும் பாதையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நண்பர்கள் வேறு ஊர்களில் இருந்தாலும் முறை இதேதான்.

படி 1: முதலில் நண்பர்கள், அப்புறம் வரைபடம்

பலரும் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி முடித்துவிட்டு, நண்பர் வீட்டைக் கடைசியில் எங்காவது செருகுவார்கள். விளைவு, இரவு ஒன்பது மணிக்குக் களைத்துப்போய்க் கதவைத் தட்டி, காலை ஏழு மணிக்கு விடைபெறுவது. போர்க்களம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். நண்பருக்கு லீவு கிடைக்கும் நாள் அப்படி இல்லை. அதனால் நண்பர்களோடு கழிக்கும் மாலைகளை முதலில் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஆறு வாரம் முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் எல்லோரும் சந்தோஷமாக "வாடா" என்பார்கள், தேதி முடிவாகாது. போனில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நாள் மாலை ஓய்வாக இருப்பாய், பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஏதும் இருக்கிறதா, வீட்டில் தங்கலாமா அல்லது பக்கத்தில் ரூம் போடட்டுமா. கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து அவர்களுடைய அப்பா அம்மா வந்து தங்கியிருக்கலாம். நீங்களே கேட்டுவிட்டால் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது.

வெள்ளி, சனி இரவுகளை நண்பர்களுக்குக் கொடுங்கள், வார நாள்களை இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் மலைச்சாலைகளில் எப்படியும் கூட்டம்தான். அக்டோபரின் இரண்டாவது திங்களன்று பலருக்கு விடுமுறை என்பதால், அதையொட்டிய மூன்று நாளும் மலைப்பக்கம் போகாமல் யார் வீட்டிலாவது இருந்துவிடுவது நல்லது.

படி 2: இலைகளின் நேரத்தைக் கணக்கிடுங்கள்

குளிர் வரும்போது இலையில் பச்சையம் சிதையத் தொடங்குகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் அந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். அதனால்தான் ஒரே மலை ஒரு வருடம் எரிவதுபோல் இருக்கும், அடுத்த வருடம் மங்கலாக இருக்கும்.

வடக்கில் முதலில் நிறம் மாறும், தெற்கில் பிறகு மாறும் என்பது பாதி உண்மைதான். உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆஷ்வில் தெற்கே இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள உயரமான சிகரங்களில் அக்டோபர் தொடக்கத்திலேயே நிறம் வந்துவிடும். வழியில் வர்ஜீனியாவில் இருக்கும் ஷெனண்டோவா மலைகளில் வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை நன்றாக இருக்கும். நீங்கள் போகும்போது மேலே இலை உதிர்ந்திருந்தால் கவலை வேண்டாம், காரைக் கீழே பள்ளத்தாக்குக்கு இறக்குங்கள். அங்கே அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

படி 3: ஒரு நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம்

பிலடெல்ஃபியாவில் சுதந்திர மண்டபம். 1776-இல் சுதந்திரப் பிரகடனமும் 1787-இல் அரசியலமைப்பும் ஒரே கட்டடத்தில்தான் கையெழுத்தாயின. வருடத்தின் பெரும்பகுதி நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, அமெரிக்காவின் வட, தென் மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை நடந்த இடம். இங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உங்கள் காரிலேயே ஏறி, அவர்களே ஓட்டிக்கொண்டு களத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். செலவுதான், ஆனால் நண்பரோடு பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டபடி போக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து போங்கள். அதே வருடம் நவம்பர் 19 அன்று அங்கே முதலில் பேசிய எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து லிங்கன் பேசியது இரண்டு நிமிடம் போல. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரத்தில் அதே போரின் இன்னொரு களமான ஆன்டீட்டம். 1862 செப்டம்பர் 17 அன்று, ஒரே நாளில், சுமார் 23,000 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். இந்தப் பாதையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கெட்டிஸ்பர்க் அளவுக்குக் கூட்டம் இருக்காது. 'பள்ளச் சாலை' என்ற பகுதியில் இறங்கி நடங்கள். வருடக்கணக்கில் பண்ணை வண்டிகள் போய்ப்போய்த் தேய்ந்து, சுற்றியுள்ள வயலைவிடத் தாழ்ந்துபோன மண்பாதை அது. ஓரத்தில் மரக்கட்டை வேலி. தென்னகப் படை அதையே பதுங்குகுழியாக்கிக்கொண்டது. எதிரணி பக்கவாட்டு உயரத்தைப் பிடித்ததும் அதுவே அவர்களுக்குப் பொறியாகிவிட்டது. பாதைக்குள் நின்று இருபக்க மேட்டையும் பார்த்தால், எந்தப் பலகையும் படிக்காமலேயே இது புரியும். கடைசியில் ஒரு கல் கோபுரம் இருக்கிறது. முதலில் பாதையில் நடங்கள், பிறகு கோபுரத்தில் ஏறுங்கள்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி பக்கத்தில்தான். 1859 அக்டோபரில் அடிமைமுறையை ஒழிக்க ஜான் பிரவுன் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றிய ஊர், இரண்டு ஆறுகள் சேரும் முனை. பழைய ஊருக்குள் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், பார்வையாளர் மையத்தில் விட்டுவிட்டு அவர்களுடைய பேருந்தில் போங்கள்.

தெற்கே சார்லட்ஸ்வில்லில், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வீடான மாண்டிசெல்லோ. வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். "எல்லா மனிதரும் சமம்" என்று எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்கள் வேலை செய்த மல்பெரி ரோவில் நின்று அதைக் கேட்டால்தான் அந்த இடத்தைப் பார்த்ததாக அர்த்தம்.

படி 4: மலைச்சாலையை நம்பி நேரம் போடாதீர்கள்

ஷெனண்டோவா மலைகளின் மேலே போகும் சாலையான ஸ்கைலைன் டிரைவ், ஃப்ரண்ட் ராயல் என்ற ஊரில் தொடங்கி 105 மைல். வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான். நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் வழியெங்கும் நின்று பார்க்கும் இடங்கள். முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் காரை வெளியே எடுக்க இரண்டே வழிகள்: தார்ன்டன் கேப், ஸ்விஃப்ட் ரன் கேப். நேரமாகிவிட்டால் அங்கே இறங்கிவிடலாம்.

அது முடியும் இடத்திலேயே 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்குகிறது. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஏறும் முன்பே டேங்கை நிரப்புங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஆஷ்வில் பக்கம் இந்தச் சாலையைப் பல இடங்களில் உடைத்துவிட்டது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் முந்தைய இரவே பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் வரைபடத்தையும் போனில் இறக்கி வையுங்கள்.

காரைப் பற்றி ஒன்று. வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயர் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். குளிர்ந்த காலையில், வண்டியை எடுக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

இருட்டிய பிறகு மலையில் ஓட்ட வேண்டாம். இது மான்கள் இணைசேரும் பருவம், அந்தியிலும் விடியலிலும் திடீரென்று சாலைக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே வையுங்கள். குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதன்பிறகு மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும்.

படி 5: நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

பக்கத்திலேயே இருப்பதாலேயே உள்ளூர்க்காரர்கள் பலர் அந்த இடங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். "நாளைக்குக் காலையில நீயும் வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசும்போது வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்றே பேச்சு சுற்றும். கூட நடக்கும்போதுதான் மற்றதெல்லாம் வாயில் வரும். பழைய நட்பு நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி சகஜமாவதற்கு இரண்டு மணி நேர நடை போதும்.

திரும்பும்போது மலைச்சாலை வேண்டாம். ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாகப் போகும் இன்டர்ஸ்டேட் 81-ஐப் பிடியுங்கள். லாரிகள் அதிகம், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். வீடு சேர்ந்த மறுநாளே வேலைக்குப் போகும்படி லீவு போடாமல், ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு நண்பர் "இன்னும் ஒரு ராத்திரி இருந்துட்டுப் போ" என்று சொல்வார். அந்த நாள் அதற்கு.