600021: வண்ணாரப்பேட்டை பின்கோடைக் காரணிகளாக உடைப்பது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டை முகவரியின் கடைசியில் எழுதும் 600021, காரணி கண்டுபிடிக்கப் பழக அருமையான எண். தாளும் பேனாவும் போதும்.

கடைசி இலக்கம் 1, ஆகவே 2-ம் 5-ம் போகாது. இலக்கங்களின் கூட்டு 6+2+1 = 9. எனவே 9-ஆல் வகுபடும், ஈவு 66669. பலர் இடறுவது இங்கேதான். கூட்டு 9 வந்துவிட்டதால் 3-இன் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இலக்கக் கூட்டு 9 வரைக்கும்தான் சொல்லும், 27-ஐப் பற்றி ஒன்றும் சொல்லாது. 66669-ஐயும் கூட்டுங்கள்: 33. இன்னொரு 3 போகிறது, மிஞ்சுவது 22223. அதன் கூட்டு 11. இனி 3 கிடையாது.

அடுத்து 7, 11, 13 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்து, ஒவ்வொரு மீதியையும் எழுதி வையுங்கள். 22223-இன் வர்க்கமூலம் 149-ஐக் கொஞ்சம் தாண்டும் என்பதால் 149 வரை போக வேண்டி வரலாம். 41-இல் நிதானம் தேவை: 41×542 = 22222, மீதி 1. அவசரத்தில் மீதியே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். பதினேழாவதாக வரும் 71-இல்தான் மீதி பூஜ்யம், ஈவு 313. இந்த 313 பகா எண்ணா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. 71-க்குக் கீழே எதுவும் 22223-ஐ வகுக்காதபோது 313-ஐயும் வகுக்காது; 71×71 = 5041, அது 313-ஐவிட மிகப் பெரியது.

600021 = 3³ × 71 × 313

எனக்கு இதைவிடப் பிடித்தது கணித மேதை ஃபெர்மாவின் வழி: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 600021-ஐக் கழித்தால் மிஞ்சுவதும் வர்க்கமாக வரும்வரை தேட வேண்டும். 600021-இன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 775. 775² − 600021 = 604, இது வர்க்கம் இல்லை. 776-க்குப் புதிதாகப் பெருக்க வேண்டாம், 604-உடன் 775+776 = 1551-ஐக் கூட்டினால் 2155. அடுத்து 1553, பிறகு 1555 என்று இரண்டிரண்டாக ஏற்றிக் கூட்டிக்கொண்டே போங்கள். 2, 3, 7, 8-இல் முடிவது வர்க்கமாக இருக்காது, பார்க்காமலே தள்ளிவிடலாம். 789-இல் 22500 வரும், அது 150². ஆக (789−150)(789+150) = 639×939. பதினைந்தே முயற்சி! இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது; தூரமாக இருந்தால் இந்த வழி நாள் முழுக்க இழுக்கும்.

விடையை 11-ஆல் சரிபாருங்கள். 27, 71, 313 மூன்றுக்குமே மீதி 5. 5×5×5 = 125, மீதி 4. 600021-க்கும் மீதி 4. ஒன்பதால் சரிபார்த்தால் இலக்கம் இடம் மாறிய பிழை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 4×2×2 = 16. அவற்றின் கூட்டுத்தொகை (1+3+9+27)×(1+71)×(1+313) = 40×72×314 = 904320. 600021-ஐவிடச் சிறிய 554400-க்கு 216 வகுத்திகள் உண்டு. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன் 1915-இல் கட்டுரை வெளியிட்டார்.

அடுத்து வியாசர்பாடியின் 600039-ஐ எடுங்கள். 9 போனதும் 66671 வரும். அதை 11-ஆல் ஒருமுறை வகுத்து 6061 கிடைத்ததும் 13-க்குப் போய்விடாதீர்கள், இன்னொரு 11 உள்ளே இருக்கிறது. மிஞ்சும் 551 = 19×29.